ஆராய்ச்சி மாணவர் பேசட்டும்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28ஆம் நாள் நம் கல்லூரிகளில் தேசிய அறிவியல் நாள் கொண்டாடப்படுகிறது. 1987 முதல் நடந்துவரும் வழக்கம் இது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கல்லூரி எதிலேனும் நீங்கள் பயில்பவரானால், அந்த நாள் எப்படிக் கழியும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. குத்துவிளக்கு ஏற்றப்படும். வரவேற்புரையில் சிறப்பு விருந்தினரின் பட்டங்களும் பதவிகளும் அடுக்கப்படும். பொன்னாடை போர்த்தப்படும். பிறகு வெளியூரிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசுவார். ராமன் விளைவில் தொடங்கி, நானோ தொழில்நுட்பத்தைத் தொட்டு, விண்வெளி வெற்றிகளில் முடிப்பார். ‘ஏதேனும் ஐயம் உண்டா?’ என்று கேட்பார்கள். அரங்கம் அமைதியாக இருக்கும். ஆசிரியர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்வியை முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து வாசிப்பாள். நன்றியுரை, நாட்டுப்பண், கலைதல்.

நாடகத்தையும் நாவலையும் திரைப்படத்தையும் நாம் விமரிசனம் செய்கிறோம். கல்லூரிச் சொற்பொழிவை மட்டும் யாரும் விமரிசிப்பதில்லை. நன்றியுரையோடு அதன் கணக்கு தீர்ந்துவிடுகிறது. புகைப்படமும் வருகைப் பட்டியலும் ஆய்வுக்குழு வரும்போது காட்டுவதற்காகக் கோப்பில் சேர்ந்துவிடுகின்றன. அந்தக் குறையை இங்கே சற்று நீக்கிப் பார்ப்போம்.

விமரிசனத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும். இளங்கலை மாணவர் ஒருவர் பேச்சைக் கேட்டு வெளியே வரும்போது, ஆராய்ச்சி என்பது எவ்வாறு நடக்கிறது என்பதையும், அதில் தமக்கு இடம் உண்டா என்பதையும் முன்னைவிடச் சற்றுத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். இதற்கு மேல் எதுவும் கேட்கவேண்டியதில்லை. இந்தச் சிறிய அளவுகோலால் அளந்தாலே மேற்சொன்ன விழா தேறுவதில்லை. முடிந்துபோன வெற்றிகளை அது வரிசையாகக் காட்டுகிறது. வெற்றி பெற்றவர்கள் படங்களில் மாலையோடு இருக்கிறார்கள். மேடைக்கும் கடைசி வரிசைக்கும் இடையிலுள்ள தொலைவு, பேச்சு தொடங்கியபோது எவ்வளவு இருந்ததோ முடிந்தபோதும் அவ்வளவே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நாள் எந்தக் கண்டுபிடிப்பை நினைவுகூர்கிறதோ, அந்தக் கண்டுபிடிப்பில் ராமனோடு தோளோடு தோள் நின்றவர் இந்த மாவட்டத்துக்காரர். ‘ஒரு புதிய வகை இரண்டாம் நிலைக் கதிர்வீச்சு’ என்ற பொருளில் 1928 மார்ச் 31ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த குறிப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன: ராமன், கிருஷ்ணன். அந்தக் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பில் பிறந்தவர். வத்றாப் என்று நம் பேருந்துகளில் எழுதியிருக்கும் அதே ஊர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு. மதுரை அமெரிக்கன் கல்லூரி. பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1940இல் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1947இல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். இவையெல்லாம் பொது அறிவுப் புத்தகங்களில் கிடைக்கும். நான் சொல்ல விரும்புவது அவற்றில் அதிகம் காணப்படாத ஒரு சிறு செய்தியை.

பட்டம் பெற்றதும் கிருஷ்ணன் அதே கிறித்தவக் கல்லூரியில் செய்முறை ஆசிரியராக அமர்ந்தார். படித்தது இயற்பியல், அமர்ந்தது வேதியியல் துறையில். வயது இருபதை ஒட்டி. முனைவர் பட்டம் இல்லை. வெளியிட்ட கட்டுரை இல்லை. எந்தச் சங்கத்திலும் உறுப்பினரில்லை. நம் கல்லூரிகளின் இன்றைய வழக்கப்படி அவரைச் சிறப்பு விருந்தினராக யாரும் அழைத்திருக்கமாட்டார்கள். அவர் செய்தது இது: பகல் உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி உட்காரவைத்தார். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றில் எதைப் பற்றியும் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்றார். பாடத்திட்டம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. நாளடைவில் அந்த உரையாடலின் பெயர் பரவி, பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். 1920இல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டுப் போனார். அங்கே ராமனின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளரானார்.

(அதே இருபதுகளின் தொடக்கத்தில் இந்த மண்ணிலிருந்து இன்னும் இருவர் கல்கத்தாவுக்குப் போனார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ளச் சென்றவர்கள். கற்றுத் திரும்பி அவர்கள் போட்ட பிள்ளையார் சுழியிலிருந்துதான் சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும் வளர்ந்தன. ஒளியைப் படிக்க ஒருவர், நெருப்பைப் படிக்க இருவர்! ஒருவரையொருவர் அங்கே சந்தித்தார்களா என்று கேட்காதீர்கள்; அப்படி ஒரு கதை கட்ட எனக்கு விருப்பமில்லை.)

அந்தப் பகல் உணவு வகுப்பை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். பேச வந்தவர் கேட்க வந்தவரைவிட மூன்று நான்கு ஆண்டுகளே மூத்தவர். தாம் எந்த இடத்தில் குழம்பினோம் என்பது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. பேச்சின் பொருளை முடிவு செய்தவர்கள் கேட்க வந்தவர்கள். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நடுவே சுவர் இல்லை. இந்த மூன்றில் எது ஒன்றும் நம் அறிவியல் நாள் விழாவில் இல்லை.

இளைஞன் ஒருவன் ஒரு பேச்சைக் கேட்டு அறிவியலுக்குள் நுழைந்த கதைகளில் பெரும்புகழ் பெற்றது மைக்கேல் ஃபாரடேயின் கதை. 1812இல் லண்டனில் புத்தகம் கட்டும் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்த ஃபாரடேக்கு, ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு கிடைத்தது. கேட்டதையெல்லாம் எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே கட்டடம் செய்து டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே அவருடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார். அச்சகமும் புத்தகக் கட்டடமும் நிறைந்த சிவகாசியில் இந்தக் கதை கூடுதலாக இனிக்கும். ஆனால் இதை மேடையில் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். டேவி அந்தச் சொற்பொழிவுகளில் செய்முறைகளை அவையோர் கண் முன்னே நடத்திக் காட்டினார். மேசைமேல் பொருள் இருந்தது. நம் விருந்தினரின் மேசைமேல் பூங்கொத்தும் தண்ணீர்ப் புட்டியும் இருக்கின்றன.

இன்று நடக்கும் முயற்சிகள்

இளங்கலை மாணவரை ஆராய்ச்சிக்கு அறிமுகம் செய்யும் முயற்சிகள் நாட்டில் இல்லாமலில்லை. பெங்களூரு, புதுதில்லி, அலகாபாத் ஆகிய இடங்களிலுள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கல்லூரிகளில் சொற்பொழிவுப் பட்டறைகளை நடத்தி வந்துள்ளன; கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து நல்ல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பியுள்ளன. இரண்டு மாதம் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு வருவது, இருபது சொற்பொழிவைக் கேட்பதைவிட மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே போவதற்கு விண்ணப்பிக்கவேண்டும். விண்ணப்பிப்பதற்கு அப்படி ஒன்று இருப்பது தெரியவேண்டும். தெரிந்தாலும் ‘நமக்கெல்லாம் கிடைக்குமா’ என்ற தயக்கம் நீங்கவேண்டும். அந்தத் தயக்கத்தை நீக்கும் வேலை நம் ஊரிலேயே நடந்தாகவேண்டும்.

மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் ‘அவ்சர்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. முனைவர் பட்ட ஆராய்ச்சியாளர்கள் தம் ஆராய்ச்சியைப் பொதுமக்களுக்குப் புரியும்படி கட்டுரையாக எழுதி அனுப்பினால் பரிசு. எண்ணம் நல்லது. ஆராய்ச்சி செய்பவரே எழுதவேண்டும் என்றது அதைவிட நல்லது. எனினும் பரிசுக்கு எழுதும் கட்டுரைக்கு இயல்பாகவே ஒரு சாய்வு வந்துவிடுகிறது. ‘உலகுக்கு ஒரு பெரும் சிக்கல், அதற்கு எங்கள் ஆய்வகம் கண்ட விடை’ என்று அது நடக்கத் தொடங்கிவிடுகிறது. படிப்பவர் குறுக்கே கேள்வி கேட்கவும் இயலாது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய ‘மூன்று நிமிட ஆய்வேடு’ என்ற போட்டி இப்போது உலகெங்கும் பரவியிருக்கிறது. அப்போது அங்கே கடும் வறட்சி. குளியலை மூன்று நிமிடத்தில் முடித்துக்கொள்ள, முட்டை வேகவைக்கப் பயன்படும் மணல் கடிகாரங்களைக் குளியலறையில் வைத்திருந்தார்கள். அதைக் கண்டுதான் இந்த யோசனை பிறந்ததாம். ஒரே ஒரு படம், மூன்று நிமிடம், அதற்குள் ஆய்வேட்டின் சாரத்தைச் சொல்லவேண்டும். பேசுபவருக்கு இது நல்ல பயிற்சி. வளவளப்பை வெட்டக் கற்றுத்தரும். கேட்பவருக்கு? மூன்று நிமிடத்தில் வெட்டப்படுவது எதுவென்று பாருங்கள். தோற்றுப்போன ஆறு மாதம் வெட்டப்படும். கருவி பழுதாகிக் காத்திருந்த காலம் வெட்டப்படும். ‘இது ஏன் இப்படி ஆனது என்று இன்னும் புரியவில்லை’ என்ற வாக்கியம் வெட்டப்படும். ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் இவைதாம். இவற்றை நீக்கிவிட்டால் மீந்து நிற்பது விளம்பரம்.

கிருஷ்ணன் 1928 பிப்ரவரியில் எழுதிவைத்த நாட்குறிப்பு ஒன்று பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ராமன் விளைவு பிறந்த அந்த நாள்களில் என்ன நடந்தது என்பதற்கு முதன்மையான சான்று அது. அதைப் பற்றிப் படிப்பவர்க்கு முதலில் தட்டுப்படுவது, சில காலமாகக் கோட்பாட்டுக் கணக்குகளிலேயே மூழ்கியிருந்த இளைஞரை, செய்முறையை விட்டு விலகியிருப்பது நல்லதல்ல என்று ராமன் வற்புறுத்தி இழுத்துவந்தார் என்ற செய்தி. பிறகு ஒரு நீர்மம் மாற்றி ஒரு நீர்மம், நாள் மாற்றி நாள் பார்த்துக்கொண்டே போகிறார்கள். ஒருநாள் இரவு உணவு வேளையில் ராமன் பரபரப்போடு கிருஷ்ணனின் வீட்டுக்கே வந்து நிற்கிறார். கண்டது என்ன என்பதற்கு அப்போது அவர் சொன்ன விளக்கமும் பின்னர் நிலைபெற்ற விளக்கமும் ஒரே அடியில் வந்துவிடவில்லை. இளங்கலை மாணவருக்கு ஆராய்ச்சியை அறிமுகம் செய்யும் பேச்சு அந்த நாட்குறிப்பைப் போல இருக்கவேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பேசக்கூடியவர், இன்னும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருப்பவர்தாம். அதாவது, ஆய்வேடு முடியாத ஆராய்ச்சி மாணவர்.

அரைகுறை என்ற குற்றச்சாட்டு

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். ‘ஆராய்ச்சி மாணவருக்கே தம் பொருள் அரைகுறையாகத்தானே தெரியும்? அவர் சொல்வது தவறாக இருந்தால்?’ என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு துறையின் அடிப்படைகளைக் கற்பிக்க நாம் அவரை அழைக்கவில்லை. அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தாம் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையைக் காட்டத்தான் அழைக்கிறோம். அந்த வேலையைப் பொறுத்தவரை உலகில் அவரளவு அறிந்தவர் வெகு சிலரே இருப்பர். துறைத்தலைவர் அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருந்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. நம் ஆராய்ச்சி மாணவர்கள் இப்போது பேசும் பேச்சு, பேராசிரியரின் பேச்சைவிட மோசமாக இருக்கிறது. ‘இன்ன உலோக ஆக்சைடு நானோ துகள்களின் தொகுப்பும் பண்பறிதலும்’ என்று தலைப்பு. நாற்பது படவில்லைகள். ஒவ்வொன்றிலும் நான்கு வரைபடங்கள். அச்சில் எழுதியிருப்பது இரண்டாம் வரிசைக்கே தெரியாது. எக்ஸ் கதிர் விளிம்பு வளைவு வந்தது, அகச்சிவப்பு நிறமாலை வந்தது, மின்னணு நுண்ணோக்கிப் படம் வந்தது என்று கருவிகளின் பெயர்கள் ஊர்வலம் போகும். இந்தப் பொருளை ஏன் எடுத்தார், எடுத்ததில் எது அவரை வியக்கவைத்தது என்பது மட்டும் வராது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாநாடுகளில் அவர் கேட்டுப் பழகியது அதுதான். மொழியோ ஆங்கிலம், அதுவும் மனப்பாடம் செய்த ஆங்கிலம். உணவு விடுதியில் தோழரிடம் ‘மூணு மாசமா சாம்பிள் சரியா வரலைடா’ என்று தமிழில் அருமையாகச் சொல்பவர், மேடை ஏறியதும் அந்த மூன்று மாதத்தை மறைத்துவிடுகிறார்.

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வரும் மாணவர்கள் நம் கல்லூரிகளில் ஏராளம். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவர்கள். பேச்சு தமிழில் இருக்கவேண்டும் என்று நான் சொல்வது மொழிப்பற்றால் மட்டுமன்று. தமிழில் சொல்லும்போது பேசுபவருக்கே தமக்கு எது புரியவில்லை என்பது வெளிப்பட்டுவிடும். ‘கேரக்டரைசேஷன்’ என்று சொல்லிக் கடந்துவிடலாம். ‘இது என்ன பொருள், எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன்’ என்று சொன்னால், எப்படிப் பார்த்தாய் என்று அடுத்த கேள்வி தானே வரும்.

பட்டாசு மண்ணில் ஒரு பேச்சு

சிவகாசி வட்டாரத்தில் இத்தகைய பேச்சுக்கு வேறெங்கும் வாய்க்காத ஒரு வசதி இருக்கிறது. கேட்பவர்களின் வீடுகளிலேயே வேதியியல் நடக்கிறது. இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. மருந்து கலப்பவர், திரி வைப்பவர், மணிமருந்து உருட்டுபவர், குழாய் ஒட்டுபவர் என்று யாரேனும் ஒருவர் இல்லாத தெரு குறைவு. கல்லூரிகளின் பெயர்களே அந்தத் தொழிலைச் சொல்லும். சிவகாசியில் 1963இல் எழுந்த ஆண்கள் கல்லூரி அய்ய நாடாரின் பெயரைத் தாங்கியது. 1968இல் எழுந்த மகளிர் கல்லூரி ஒரு பட்டாசு நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. 1984இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரிலோ அலுமினியத் தூளே இருக்கிறது. மெப்கோ என்பது திருமங்கலத்து உலோகத் தூள் நிறுவனம். இத்தனை இருந்தும், வேதியியல் வகுப்பில் பட்டாசைப் பற்றிப் பேச்சே எழாமல் மூன்றாண்டு கழிந்துவிட முடிகிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ‘மருந்து நீர்த்துப்போச்சு’ என்ற சொல்லை இந்த வட்டாரத்தில் பிறந்தவர் அறிவர். கலந்துவைத்த மருந்து மீந்துபோய், ஈரம் பட்டு, தானே சூடேறி வெடித்தது என்று விபத்துச் செய்திகளில் படிக்கிறோம். ஈரம் பட்டால் வெடிமருந்து நமுத்துப்போகத்தானே வேண்டும்? தானே பற்றிக்கொள்வானேன்? ஓர் ஆராய்ச்சி மாணவர் இந்தக் கேள்வியோடு பேச்சைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத் தூளின் ஒவ்வொரு துகளையும் ஓர் ஆக்சைடுப் படலம் போர்வையாக மூடியிருக்கிறது. அந்தப் போர்வை இருக்கும்வரை அலுமினியம் சாது. கலவையில் வெடியுப்போ வேறு நைட்ரேட்டோ இருந்து, ஈரமும் சேர்ந்தால், அலுமினியம் மெல்ல நைட்ரேட்டைத் தாக்குகிறது. அப்போது அமோனியா உண்டாகிறது. அமோனியா காரத்தன்மை உடையது; காரம் அலுமினியத்தின் போர்வையைக் கரைக்கும். போர்வை கரைந்த இடத்தில் வினை விரைவாகும். விரைவானால் அமோனியா மேலும் பெருகும். ஒவ்வொரு சுற்றிலும் வெப்பம் வெளிப்படுகிறது. பரப்பி வைத்திருந்தால் வெப்பம் காற்றில் போய்விடும். குவியலாகவோ மூடிய கலத்திலோ இருந்தால் போக வழியின்றி உள்ளேயே தங்கி, மருந்து பற்றும் அளவுக்கு ஏறிவிடும். சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பது இதைத் தடுக்கத்தான். அந்த மென்மையான அமிலம் காரத்தைத் தலையெடுக்கவிடாமல் அடக்கிவைக்கிறது. (இதை வாசிக்கும் இளைஞர்கள் எதையும் வீட்டில் கலந்து பார்க்கக் கூடாது. இது விளையாட்டுக்குச் சொல்லும் எச்சரிக்கையன்று.)

இதுவரை சொன்னது புத்தகத்தில் உள்ளது. ஆராய்ச்சி இதற்கு அப்பால் தொடங்குகிறது. எந்த அளவு ஈரத்தில் இந்தச் சங்கிலி கிளம்பும்? துகள் நுண்ணியதானால் எவ்வளவு முன்கூட்டிக் கிளம்பும்? தூளின்மேல் பூசியிருக்கும் கொழுப்பு அமிலப் பூச்சு எவ்வளவு காலம் காக்கும்? வடகிழக்குப் பருவமழை நாளின் காற்றில் என்ன ஆகும்? சூடேறும் முன்பே அமோனியா நெடியைக் கண்டு எச்சரிக்க மலிவான கருவி ஒன்று செய்யமுடியுமா? இந்த இடத்தில் பேசுபவர் நிறுத்தி, ‘உங்கள் வீட்டில் யாரேனும் அப்படி ஒரு நெடியை உணர்ந்ததாகச் சொன்னதுண்டா?’ என்று கேட்கவேண்டும். கேட்டால், இருபது ஆண்டு மருந்து அறையில் வேலை செய்த ஒருவரின் மகளோ மகனோ வாய் திறப்பார். சிறப்பு விருந்தினர் எவராலும் எழுப்பமுடியாத குரல் அது. அந்தக் குரலில் வருவது பழங்கதையாகவும் இருக்கலாம், நல்ல தரவாகவும் இருக்கலாம். எது எதுவென்று பிரித்தறிவது எப்படி என்பதே ஆராய்ச்சியின் முதல் பாடம்.

பச்சை ஒளியைப் பற்றியும் இப்படி ஒரு பேச்சு நிகழலாம். வாணத்தின் பச்சை நிறத்துக்குக் காரணம் பேரியம். கூர்ந்து சொன்னால், பேரியமும் குளோரினும் சேர்ந்து சுடருக்குள் ஒரு கணம் மட்டும் உயிர்வாழும் ஒரு மூலக்கூறு. கம்பி மத்தாப்பில் பேரியம் நைட்ரேட் ஆக்சிஜனைத் தரும் பொருளாகவும் பயன்பட்டது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரிய உப்புகளைத் தடைசெய்தது. அளவைக் குறைத்துச் சேர்க்கிறோம், இசைவு தாருங்கள் என்று கேட்டவர்களின் மனுவை 2023 செப்டம்பரில் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. தில்லியிலும் சென்னையிலும் இது மாசு பற்றிய செய்தி. இங்கே கூலி பற்றிய செய்தி. ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டை வைத்துப் பார்க்கலாமென்றால் நிறம் சிவப்பாகிவிடும். போதாக்குறைக்கு ஈரத்தையும் எளிதில் இழுக்கும். ஈரம் என்ன செய்யும் என்று சற்று முன்தான் பார்த்தோம். 2011இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் போரான் கார்பைடைக் கொண்டு, பேரியம் இல்லாமலே பச்சை ஒளி தரும் கலவையை வெளியிட்டார்கள். போரான் கார்பைடு வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைக்கத்தக்க கடினப் பொருள். கடினமான துகள் உராய்ந்தால் என்ன ஆகும் என்று இந்த மண்ணின் மாணவர் உடனே கேட்பார். உராய்வால் எத்தனை அறைகள் போயின என்பது அவருக்குத் தெரியும். அந்த ஆய்வாளர்களும் அதைச் சோதித்துப் பார்த்து, கலவை எளிதில் கிளம்புவதன்று என்றே அறிவித்தார்கள். ஆனால் ராணுவக் கூடத்தில் சில கிராம் வைத்து அளந்தது, ஐப்பசி மாதத்தில் கையால் மருந்து இடும் அறைக்குப் பொருந்துமா, விலை கட்டுமா? விடை தெரியாத கேள்வியோடு ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அரங்கம் அப்போது உணரும்.

நீரி நிறுவனத்தின் தலைமையில் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் 2018இல் அறிவித்த ‘பசுமைப் பட்டாசு’ வகைகள் காற்றில் கலக்கும் நுண்துகளை முப்பது விழுக்காடு அளவுக்குக் குறைப்பன என்று சொல்லப்பட்டது. அந்த முப்பது எப்படி அளக்கப்பட்டது என்று எத்தனை மாணவர்கள் கேட்டிருப்பார்கள்? அந்த மன்றத்தைச் சேர்ந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. மதுரையில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பேசவேண்டிய இளைஞர்கள் எல்லாரும் அரைநாள் பயணத்துக்குள்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொன்னாடை தேவையில்லை. பேருந்துக் கட்டணமும் ஒரு சாப்பாடும் போதும்.

எது பணயம்

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஓர் ஆலையில் தீப்பற்றியது. நாற்பது உயிர்கள் வரை போயின. தொழிலாளர்களைவிட, புகையைக் கண்டு உதவிக்கும் பார்ப்பதற்கும் ஓடிய சுற்றுவட்டாரத்தவர் மிகுதியாக மாண்டதாகச் செய்திகள் கூறின. அதன் பிறகும் ஆண்டுதோறும் விபத்துகள் நிகழ்ந்தவண்ணம் உள்ளன. ஒவ்வொன்றின் பின்னும் உரிமம், அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கை, உள்குத்தகை என்று சட்டம் சார்ந்த காரணங்கள் பேசப்படுகின்றன; அவை உண்மையே, முதன்மையானவையே. வேதியியல் காரணத்தை மட்டும் ‘உராய்வு’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, இந்த மண்ணிலிருந்தே நூறு பேர் ஆராய்ச்சிக்குப் போகவேண்டாம். நான்கு பேர் போனால் போதும். மற்றவர்களில் பலர் போர்மேனாகவோ ஆலை வேதியியலராகவோ ஆவார்கள். ‘ஏன்’ என்று கேட்கப் பழகிய போர்மேன் இருக்கும் அறைக்கும் அப்படிப் பழகாதவர் இருக்கும் அறைக்கும் வேறுபாடு உண்டு.

ஆராய்ச்சி மாணவர் பேசும்போது மறைக்கக் கூடாத இன்னொன்று பணம். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றவருக்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அது இல்லாமல் ஆராய்ச்சி செய்பவரும் ஏராளம். அவர்கள் பகுதிநேரமாகப் பாடம் எடுத்து, வீட்டில் கேட்டு, ஐந்தாறு ஆண்டுகளைத் தள்ளுகிறார்கள். நெறியாளர் அமைவதைப் பொறுத்து அந்த ஆண்டுகள் இனிக்கும் அல்லது கசக்கும். தீபாவளிக்கு முந்தைய மாதக் கூலியை எண்ணியிருக்கும் குடும்பத்திலிருந்து வந்த மாணவருக்கு இதைச் சொல்லாமல், ‘அறிவியல் உங்களை அழைக்கிறது’ என்று மேடையிலிருந்து முழங்குவது பொறுப்பற்ற செயல். எந்தத் தேர்வு, எப்போது, எவ்வளவு, கிடைக்காவிட்டால் என்ன வழி என்பனவற்றைத் தாமே அண்மையில் கடந்துவந்தவர்தாம் சரியாகச் சொல்லமுடியும். முப்பது ஆண்டுக்கு முன் கடந்தவருக்கு அந்தப் பாதை இப்போது எப்படி இருக்கிறதென்றே தெரியாது.

வாசகரே, நீங்கள் மாணவரானால் உங்களுக்கும் இதில் பங்குண்டு. அப்படி ஒருவர் பேச வந்தால் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: நேற்று ஆய்வகத்தில் என்ன செய்தீர்கள்? எது சரிவரவில்லை? நாங்கள் வந்தால் முதல் மாதம் எங்களை என்ன செய்யச் சொல்வீர்கள்? பேசுபவர் திணறினால் கவலைப்படாதீர்கள். திணறி, யோசித்து, ‘இதை நான் நினைத்துப் பார்த்ததில்லை’ என்று அவர் சொல்வாரானால், அந்த ஆண்டின் அறிவியல் நாள் உங்கள் கல்லூரியில் அப்போதுதான் நடந்திருக்கிறது.

நேரத்தைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய பேச்சை மாலை நான்கு மணிக்கு வைக்காதீர்கள். நம் மாணவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். மாணவிகளுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது 2021இல் வந்த நல்ல மாற்றம். ஆனால் அந்தப் பேருந்து தவறினால் அடுத்தது இருட்டும் நேரத்தில்தான். நாலரை மணிப் பேருந்தை நினைத்துக்கொண்டிருப்பவர் காதில் பேரியமும் ஏறாது, போரானும் ஏறாது. பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவே, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்கலாம் என்று அறிவித்துப் பாருங்கள். பேச வருபவரும் அவர்களோடு அமர்ந்து சாப்பிடட்டும்.